அயர்லாந்து நாட்டுப்புற இசையில் பிளாங்ஸ்டி குழுவுக்கு ஏன் இவ்வளவு பெயர்?

மொத்தம் நாலே பேர்: கிறிஸ்டி மூர், டோனல் லனி, ஆண்டி இர்வைன், லியம் ஓ'ஃபிளின். கிறிஸ்டி மூரின் 'பிராஸ்பரஸ்' ஆல்பத்துக்காக ஒன்றாக வாசித்தவர்கள், 1972-ல் குழுவாகிவிட்டார்கள்.

இவ்வளவு புகழுக்குக் காரணம் வாத்தியச் சேர்க்கைதான். ஓ'ஃபிளின் வாசித்தது இலியன் பைப்ஸ் என்ற அயர்லாந்து பைக்குழல். வாயால் ஊதுவதில்லை, ஒரு முழங்கையால் துருத்தியை அமுக்கிக் காற்றடைத்து, இன்னொரு கைக்கு அடியில் இருக்கும் பையை அழுத்தி வாசிக்க வேண்டும். பரம்பரைச் சொத்து மாதிரியான வாத்தியம். அதன் பக்கத்தில் லனி கிரேக்க நாட்டுத் தந்தி வாத்தியமான பூசூக்கியைக் கொண்டுவந்து வைத்தார். (அதை அயர்லாந்து இசைக்குள் முதலில் கொண்டுவந்தவர் ஜானி மொய்னஹன், பிறகு அவரும் இந்தக் குழுவில் சேர்ந்தார்.) பூசூக்கியும் இர்வைனின் மாண்டலினும் பின்னிப் பின்னிப் போகும். அதுவரை பலர் வெறும் கிட்டார் தட்டலோடு பாடிக்கொண்டிருந்த பாட்டுகளுக்கு இது புது உடம்பு.

கேட்டுப் பார்க்க நினைத்தால் 1973-ல் வந்த முதல் ஆல்பத்தின் முதல் பாட்டையே கேளுங்கள். ஜிப்சிகளோடு போய்விட்ட சீமாட்டியின் கதை. பாட்டு முடியும் இடத்தில் நிற்காமல், அப்படியே ஒரு பழைய யாழ் மெட்டுக்குள் நழுவும், பைப்ஸ் மேலெழும். எனக்கு அந்த ஒரு திருப்பமே போதும்.

அப்புறம் வழக்கமான கதைதான். லனி விலகினார், மூர் விலகினார், பாடகர் பால் பிரேடி வந்தார், 1975-ல் கலைந்தது. 1979-ல் மறுபடி கூடி 1983 வரை ஓடியது. 2004-ல் பழைய நால்வரும் டப்ளினில் மீண்டும் மேடையேறினார்கள். ஓ'ஃபிளின் 2018-ல் காலமானார்.