அம்மாவுக்கு 90 மதிப்பெண்ணா, 100ஆ?

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. செந்தூலில் எங்களோடுதான் இருக்கிறார். கிளினிக்கில் பார்த்தெல் அளவீடு என்று ஒரு பாரம் கொடுத்தார்கள். அன்றாட அடிப்படை வேலைகளை எவ்வளவு தானே செய்கிறார் என்று 100க்கு மதிப்பெண் போட வேண்டும். குளிக்கும்போது நான் கதவருகே நிற்பேன், மாடிப்படியில் கையைப் பிடித்துக்கொள்வேன். நான் நிரப்பினால் 90 வருகிறது. அண்ணன் நிரப்பினால் 100. எது சரி? 100 என்றால் பகலில் தனியாக விட்டுவிட்டு நாங்கள் வேலைக்குப் போகலாமா?

பதில்: நீங்கள் போட்ட 90தான் சரி. அண்ணன் ‘அம்மாவால் முடியும்’ என்று நம்புவதை எழுதியிருக்கிறார். பாரம் கேட்பது, அம்மா தினமும் என்ன செய்கிறார் என்பதை. பக்கத்தில் ஆள் இல்லாமல் குளித்தால் 5, இல்லையென்றால் 0. நடுவில் எதுவும் கிடையாது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துத் தானே படி ஏறி இறங்கினால் 10. உங்கள் கை தேவைப்பட்டால், ஏன், நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டியிருந்தாலே 5தான். இரண்டிலும் ஐந்தைந்து குறைந்து 90.

ஒரு வாரம் நன்றாகக் கவனியுங்கள். வாளியிலிருந்து தண்ணீர் மொள்ளக் குனியும்போது அம்மாவின் இடக்கை சுவரைத் தேடுகிறதா? தலையில் ஊற்றிக்கொண்டு கண்ணை மூடும் நேரத்தில் உடம்பு ஆடுகிறதா? அப்படியென்றால் நீங்கள் நிற்பது வீண் பயம் இல்லை. பார்த்ததைக் குறித்து வையுங்கள். டாக்டர் கேட்டால் நம் அம்மாக்கள் “நல்லாத்தான் இருக்கேன்” என்றுதான் சொல்வார்கள்.

அடுத்தது, தனியாக விடுவது. 100 வாங்கினாலும் இந்த அளவீடு அதற்கு உத்தரவாதம் தராது. 1965இல் இதை வெளியிட்ட மஹோனியும் பார்த்தெலும் அப்போதே அதைச் சொல்லிவிட்டார்கள்: 100 எடுத்தவர் உதவியாள் இல்லாமல் சமாளிப்பார், ஆனால் சமைக்கவோ வீட்டைக் கவனிக்கவோ முடியாமல் இருக்கலாம். சாப்பிடுவது, உடுத்துவது, கழிவறைக்குப் போவது போன்ற அடிப்படை வேலைகளை மட்டுமே அது அளக்கிறது.

உங்கள் கேள்விக்குப் பொருத்தமானது 1969இல் வந்த லாட்டன் அளவீடு. போன், கடை, சமையல், வீட்டு வேலை, துணி துவைப்பது, வெளியே போய்வருவது, மருந்து, பணம் என்று எட்டு விஷயங்கள். பெரும்பாலும் தடுமாற்றம் முதலில் தெரிவது இங்கேதான். மாத்திரையை வேளைக்கு வேளை நீங்கள் பிரித்து வைத்து அம்மா விழுங்கினால் அதில் 0. ஒட்டுக்கடையில் ரொட்டி மட்டும் தானே வாங்கி வருகிறார், மற்றதெல்லாம் நீங்கள்தான் என்றால் அதிலும் 0. அம்மாவை 50 வெள்ளி கொடுத்துச் சாமான் வாங்கச் சொல்லி, மீதியை எண்ணிப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். போனில் உங்களைத் தானே அழைக்கிறாரா, அடுப்பை மறக்காமல் அணைக்கிறாரா என்றும் பாருங்கள். தனியாக விடலாமா என்று முடிவெடுக்க நான் முதலில் கேட்பது இவற்றைத்தான்.

இன்னொரு சோதனையும் உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் கூடவே நடங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் விழும் ஆபத்து இருக்கிறது, கிளினிக்கில் சொல்லுங்கள். குளியலறையில் கைப்பிடி பொருத்த அதுவரை காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், நேற்றுவரை தானே உடுத்தியவர் இன்று திடீரென்று முடியாமல் போனால் பாரத்தைத் தேடாதீர்கள். பக்கவாதமாகவோ கிருமித்தொற்றாகவோ இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.