தூண்டில் கேள்வி பதில்: அணைக்கரையிலிருந்து துறைமுகச் சுவருக்கு

புன்செய்ப் புளியம்பட்டி வாசகர்: நாங்க அஞ்சு பேரு ஒட்டுக்கா பொன்னானி பக்கம் தூண்டில் போடப் போறமுங்க. அணையில கெண்டை பிடிக்கிற ஆறடி ராடு கடலுக்கு ஆகுமுங்களா?

துறைமுகத்தின் உட்பக்கம் மணல் தரையாக இருந்தால் ஆகும். 20 கிராம் ஈயத்தோடு கிழங்கான் பிடிக்க அதுவே தாராளம். கடலைப் பார்த்த பக்கத்துக்கு 10 அல்லது 11 அடி ராடு வேண்டும். தூரமாக வீசுவதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. சுவரின் அடியில் கொட்டிய பாறைகள் தண்ணீருக்குள் சரிந்து போகும். மாட்டிய மீனைக் கடைசி சில அடி இழுக்கும்போது நரம்பு (தூண்டில் நூல்) அந்தச் சரிவில் உராயாமல் தூக்கிப் பிடிக்க நீளம் வேண்டும்.

ரீல் 4000 அல்லது 5000 அளவு. அதில் 20 முதல் 30 பவுண்டு பிரெய்டு (பல இழை பின்னிய நரம்பு). பிரெய்டு இழுவை தாங்கும், ஆனால் பாறையில் ஒரு முறை தேய்ந்தாலே அறுந்துவிடும். ஆகவே நுனியில் ஒன்றரை மீட்டர் 0.50 மி.மீ. தங்கூசி (ஒற்றை இழை நைலான் நரம்பு) கட்டாயம். கையில் காசு குறைவென்றால் ராடில் மிச்சம் பிடியுங்கள், நரம்பில் வேண்டாம். அஞ்சு பேருக்கு மூன்று ராடு போதும். இருவருக்கு நடுவே 15 அடியாவது இடைவெளி இல்லாவிட்டால் பாதி நாள் சிக்கெடுப்பதிலேயே போய்விடும்.

பல்லடம் வாசகர்: போன தடவை பாறையில மாட்டி மாட்டி ஒரே நாள்ல பத்து ஈயம் போச்சுங்க. முள்ளும் ரீல் நரம்பும் சேர்ந்தே போகுது. என்ன பண்றது?

ஈயம் போவதைத் தடுக்க முடியாது, மற்றதைக் காப்பாற்றலாம். மூன்று கண் உள்ள ஸ்விவல் (நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு வளையம்) வாங்குங்கள். ஒரு கண்ணில் ரீலிலிருந்து வரும் தங்கூசி. இரண்டாவது கண்ணில் அதே கனத்தில் 50 செ.மீ. நரம்பும் முள்ளும். மூன்றாவது கண்ணில் 30 செ.மீ. நீளத்துக்கு 0.28 மி.மீ. மெல்லிய நரம்பு, அதன் நுனியில் ஈயம். ஈயம் இடுக்கில் சிக்கினால் மெல்லிய நரம்பு மட்டும் அறும். முள்ளும் அதில் மாட்டிய மீனும் கைக்கு வரும். முடிச்சை இறுக்குமுன் எச்சில் தொட்டு நனையுங்கள். காய்ந்தபடியே இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு பலம் இழக்கும்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. மெல்லிய நரம்பில் 80 கிராம் கட்டி முழு வேகத்தில் வீசினால் வீச்சிலேயே அறுந்து, ஈயம் பக்கத்தில் நிற்பவர் தலைக்குப் போகும். ஊசல் ஆட்டி மெதுவாக வீசுங்கள். துறைமுகச் சுவரில் 20, 30 மீட்டருக்குள்ளேயே பாறை மீன்கள் இருப்பதால் தூரம் பெரிதாக வேண்டியதில்லை.

ஈயத்துக்குப் பதில் கோயம்புத்தூர் லேத்துப் பட்டறைகளில் கழித்துப் போடும் நட்டுகளைக் கட்டலாம். இரும்பு ஈயத்தைவிட எடை குறைந்த உலோகம். அதே எடைக்கு உருவம் பெரிதாகி நீரோட்டத்தில் அதிகம் இழுபடும் என்பதால் 60 கிராம் ஈயம் போடும் இடத்தில் 80, 90 கிராம் நட்டு போடுங்கள். கடலிலும் ஈயம் சேராது, பல்லால் ஈயத்தைக் கடித்து இறுக்கும் கெட்ட பழக்கமும் ஒழியும்.

மாட்டிக்கொண்டால் ராடை வளைத்து இழுக்காதீர்கள், நுனி முறியும். முதலில் நரம்பைத் தளர்த்தி ஒரு நிமிடம் விடுங்கள், அலையே சில சமயம் கழற்றிவிடும். இல்லையென்றால் 20 அடி தள்ளிப் போய் வேறு கோணத்தில் இழுங்கள். அதற்கும் வராவிட்டால் ராடை நரம்பின் நேர்க்கோட்டில் நீட்டி, ரீலின் ஸ்பூலை (நரம்பு சுற்றிய உருளையை) பிடித்துக்கொண்டு, பின்னால் பார்த்துப் பார்த்து நடங்கள். பிரெய்டைக் கையில் சுற்றவே கூடாது, சதையை அறுத்துவிடும். துணி சுற்றிய குச்சியில் சுற்றுங்கள்.

டிராக்கை (மீன் இழுத்தால் ரீல் நரம்பை விட்டுக்கொடுக்கும் இறுக்கத்தை) விரல் கணக்கில் வைக்காமல் நரம்பு நுனியைச் சுருள்வில் தராசில் மாட்டிப் பாருங்கள். மேலே சொன்ன கட்டுக்கு இரண்டரை முதல் மூன்று கிலோவில் ரீல் நரம்பு விட வேண்டும். கலவா மீன் பாறைப் பொந்துக்குள் புகுந்துவிட்டால் இழுக்க இழுக்கச் செவுளை விரித்து இறுகிக்கொள்ளும். நரம்பைத் தளர விட்டுக் காத்திருந்தால் தானே வெளியே வருவதுண்டு.

திருப்பூர் வாசகர்: தோட்டத்து மண்புழுவே இரைக்கு ஆகுமுங்களா?

உப்பு நீரில் சில நிமிடங்களில் துவண்டுவிடும். மாவு உருண்டையும் அலையில் கரையும். காலையில் மீன் இறங்கும் இடத்திலேயே இறாலும் கணவாயும் வாங்குங்கள். கணவாயை ஒரு செ.மீ. அகலம், ஆறு செ.மீ. நீளமாக நறுக்கி, ஒரு நுனியில் மட்டும் முள்ளை இரண்டு முறை கோத்து, முள் முனை வெளியே தெரிய விடுங்கள். மத்தித் துண்டு மெத்தென்று இருப்பதால் வீசும்போதே கழன்று போகும். உங்கள் ஊர் எலாஸ்டிக் நூலால் எட்டுப் பத்துச் சுற்றுச் சுற்றி இழுத்து அறுத்துவிட்டால் முடிச்சே இல்லாமல் நிற்கும்.

பொள்ளாச்சி வாசகர்: அமாவாசையில போனா மீன் அதிகமுங்களா? எந்த மாசம் நல்லது?

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், நீரோட்டமும் வேகம். பொன்னானி போன்ற முகத்துவாரத்தில் உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி முன்னும் பின்னும் நல்ல நேரம். ஏற்றம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால் போன வாரத்து நேரத்தை நம்பாதீர்கள். (உங்கள் ஆழியாற்று நீரும் பாரதப்புழையில் கலந்து அங்கேதான் கடல் சேர்கிறது.) தூத்துக்குடிப் பக்கம் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. அங்கே விடியலும் அந்தியும்தான் கணக்கு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரைச் சுவர்களில் ஏறாதீர்கள். கிழக்கில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானிலை பார்த்தே கிளம்புங்கள். காற்றே இல்லாத நாளிலும் தெற்கு இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் கள்ளக்கடல் அலை கேரளத்திலும் குமரியிலும் கரையேறும். ஹைதராபாதிலுள்ள இன்காய்ஸ் (இந்தியக் கடல் தகவல் சேவை) நிலையம் அதற்கு எச்சரிக்கை தருகிறது. சுவரில் ஏறுமுன் 20 நிமிடம் நின்று பாருங்கள், பெரிய அலைகள் இடைவெளி விட்டுக் கூட்டமாக வரும். மழையில்லாத நாளில் சுவரின் மேற்பரப்பு ஈரமாக இருந்தால் திரும்பிவிடுங்கள். பாசி படிந்த நான்கு கால் கான்கிரீட் கட்டைகள் மேல் யாரும் இறங்க வேண்டாம். 20 மீட்டர் கயிற்றில் மூடிய காலி கேன் ஒன்று கட்டி வைத்திருங்கள். ஒருவர் விழுந்தால் அதை வீச வேண்டும், இன்னொருவர் குதிக்கக் கூடாது.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள 61 நாள் தடை விசைப்படகுகளுக்கானது. ஆனாலும் மீன்பிடித் துறைமுகச் சுவரில் ஏற முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள். மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை காவல் காக்கும் பெரிய துறைமுகங்களில் முயலவே வேண்டாம்.

காங்கேயம் வாசகர்: கடல் கெளுத்தி முள் குத்தினா சுண்ணாம்பு வைக்கலாமுங்களா?

வேண்டாம். கெளுத்தி, ஓரா, திருக்கை மூன்றின் முள்ளிலும் உள்ள நஞ்சு புரதம், சூட்டில் செயலிழக்கும். 45 டிகிரிக்கு மேற்படாத வெந்நீரில் 30 முதல் 90 நிமிடம் ஊற வையுங்கள். குத்துப்படாத கையால் சூடு பாருங்கள், வலிக்கும் கைக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோவது இதற்காகத்தான். முள் உள்ளே முறிந்தாலோ திருக்கை குத்தினாலோ மருத்துவமனை. டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசியும் பாருங்கள். வயிறு ஊதும் பேத்தை மாட்டினால் திரும்ப விடுங்கள், அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

ஈரோடு வாசகர்: நாகப்பட்டினத்துல இருந்து வீடு வர ஆறு மணி நேரமாகுது. மீன் கெடாம எப்படிங்க?

பிடித்த உடனே செவுளை அறுத்து இரத்தம் வடித்து, குடலை எடுத்து, பையில் கட்டி ஐஸில் வையுங்கள். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ். உருகிய நீரில் மீன் மிதக்காதபடி ஐஸ் பெட்டியின் அடியில் வடிகால் திறந்திருக்கட்டும். அயிலை, சூரை வகைகளை வெயிலில் போட்டுவிட்டு அப்புறம் ஐஸ் வைத்துப் பயனில்லை. அதில் உண்டாகும் ஹிஸ்டமின் கொதிக்க வைத்தாலும் போகாது.

வீடு வந்ததும் ரீலை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். வண்டி கழுவும் பிரஷர் குழாயை அடித்தால் உப்பு பேரிங்குக்குள்ளேயே போய்விடும். காய்ந்த பின் டிராக்கைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கியபடியே விட்டால் உள்ளிருக்கும் வட்டுகள் அமுங்கி, அடுத்த முறை நரம்பு விட்டு விட்டு இழுக்கும்.