கேளுங்கள் அக்கா: கோபமும் மூச்சும்

கேள்வி: அக்கா, நான் தினமும் விடியற்காலையில் ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளா பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிறேன். வீடு திரும்ப இருட்டிவிடும். நாலாம் வகுப்பு படிக்கிற மகன் வீட்டுப்பாடத்தைத் தொட்டிருக்க மாட்டான். ஏழாம் வாய்ப்பாடு கேட்டால் கூரையைப் பார்ப்பான். கத்திவிடுகிறேன், சில நாள் கையும் ஓங்கிவிடுகிறது. அவன் தூங்கிய பிறகு அழுகை வருகிறது. கோபம் வந்தால் மூச்சை நன்றாக இழுத்துவிடச் சொன்னார்கள், மகளிர் குழுக் கூட்டத்தில். செய்தால் தலைதான் சுற்றுகிறது.
- பெயர் வேண்டாம், கம்பம்

பதில்: தங்கச்சி, தலைசுற்றலுக்குப் பயப்படாதீர்கள். ‘நன்றாக இழு’ என்றதும் பலமாக, வேகவேகமாக இழுத்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறையும், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், தலை கிறுகிறுக்கும். விரல் நுனிகூட மரத்துப்போகும். சாதாரணமாக மூச்சு விட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். (மற்ற நேரத்திலும் கிறுகிறுப்பு இருந்தால் ரத்தசோகை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். காலைச் சாப்பாட்டைத் தட்டிக்கழித்துவிட்டு ஜீப் ஏறும் பெண்கள் அதிகம்.)

நான் குழந்தைகள் வார்டில் நர்சாக இருந்தவள். ஊசி போடும்போது ‘மூச்சை இழு’ என்று எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. ‘ஊது, ஊது’ என்போம். மணிக்கட்டில் நாடியைப் பிடித்தபடி மெதுவாக மூச்சு விட்டுப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் விரையும், விடும்போது தளரும். அந்தத் தளர்ச்சி வேகஸ் என்கிற நரம்பின் வேலை. அதனால் மூக்கால் மெல்ல இழுத்து, சூடான காபியை ஊதி ஆற்றுகிற மாதிரி உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட இரண்டு பங்கு நேரம் விடுங்கள். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2023இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தினம் 5 நிமிடம் என்று ஒரு மாதம் சிலரை விதவிதமாக மூச்சு விட வைத்தார்கள், சிலரைத் தியானத்தில் உட்கார வைத்தார்கள். நீளமாக மூச்சை விட்டவர்களுக்குத்தான் மனம் அதிகம் தேறியிருந்தது.

சரி, எப்போது செய்வது? கை ஓங்கிய பிறகு மூச்சு யாருக்கு ஞாபகம் வரும்? ஜீப்பிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடக்கிற தெருவிலேயே தொடங்கிவிடுங்கள். மூச்சு போவதையும் வருவதையும் கவனித்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோமா, தோள் காது வரைக்கும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏலக்காய் செடியின் அடித்தூரில், தரையை ஒட்டின சரத்தில் காய்க்கிறது. நாள் முழுக்கக் குனிந்து எடுத்த இடுப்புவலியும் பசியும்தான் அந்த ஏழாம் வாய்ப்பாட்டின் மேல் போய் இறங்குகிறது. பையனுக்கும் அந்நேரம் பசி. இரண்டு பேரும் முதலில் சாப்பிடுங்கள், அப்புறம் நோட்டைத் திறக்கலாம். வீட்டுக்காரர் இருந்தால் வாய்ப்பாட்டை அவரே கேட்கட்டுமே! எல்லாவற்றையும் உங்கள் தலையில் கட்டிவிட்டு, பொறுமைக்கு மூச்சுப் பயிற்சியும் நீங்களே செய்யுங்கள் என்றால் அது நியாயமே இல்லை.

அதையும் மீறிக் கோபம் முட்டினால், “அம்மாவுக்குக் கோபமா இருக்கு, தண்ணி குடிச்சிட்டு வர்றேன்” என்று அவனிடம் சொல்லிவிட்டு எழுந்து போங்கள். சொல்லாமல் போனால் பிள்ளை இன்னும் மிரளும். ராத்திரி அழுகை தொடர்ந்தால் 14416க்குப் போன் போடுங்கள். அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் அது. இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: என் ஐந்து வயது மகள் நினைத்தது நடக்காவிட்டால் தரையில் புரண்டு அழுகிறாள். அவளுக்கும் மூச்சுப் பயிற்சி பழக்கலாமா?
- ஒரு தகப்பன், குமுளி

பதில்: பழக்கலாம், விளையாட்டாக. சிரித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் அவள் பொம்மையை வையுங்கள். பொம்மை ஏறி இறங்குவதை அவளே பார்க்கட்டும். பக்கத்தில் நீங்களும் படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயிற்றுக்கும் ஒரு பொம்மை கிடைக்கும். அவள் அழுது புரளும்போது மட்டும் பாடம் நடத்தாதீர்கள். அந்நேரம் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். கை நீட்டினால் தூக்கிக்கொள்ளுங்கள்.