முதற்பால் எப்போது ஊற்றுவது?

அன்புள்ள அக்காவுக்கு,

சிங்கப்பூரில் நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது கருங்கல்லில் இருக்கிறேன். அங்கே வாரம் ஒருமுறை தாய்லாந்து பச்சைக் கறி சாப்பிட்டுப் பழகிவிட்டது. நாகர்கோவிலில் பாட்டில் மசாலா வாங்கி வைத்துப் பார்த்தேன், வெறும் உப்பு. நானே அரைத்தும் வைத்தேன். அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "லேய் மக்கா, இது நம்ம தேங்காய்ப்பால் சொதிதானே?" என்றாள். யோசித்தால் தேங்காய்ப்பால், மிளகாய், மீன் எல்லாம் நம்மிடம் உள்ளதுதான். அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? அப்புறம், இங்கே 'ஏசியன்' என்று போர்டு வைத்த கடைகளில் எல்லாம் ஒரே ருசி. நல்லதாக ஒன்று உண்டா?

ஆர்., கருங்கல்

அன்புள்ள தம்பி,

அம்மா சொன்னது சரி. நீங்கள் வைத்தது சொதிதான். ஆனால் அதை வைத்து இரண்டும் ஒன்று என்று முடிவு கட்டுவது எனக்கு ஒப்பவில்லை.

தேங்காயில் முதலில் பிழிகிற கெட்டிப்பாலை, அந்த முதற்பாலை, எப்போது ஊற்றினீர்கள்? நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுவேன். கடைசியில், தீயைக் குறைத்து ஊற்றி, கொதி வருமுன் இறக்கியிருப்பீர்கள். நம் வீடுகளில் கை அப்படித்தான் பழகியிருக்கிறது. பால் திரிந்துவிடுமோ என்ற பயம். தாய்லாந்தில் நேர் எதிர். கெட்டிப்பாலை முதலிலேயே சட்டியில் ஊற்றிக் கொதிக்க விடுவார்கள். நீர் வற்றி, பால் திப்பி திப்பியாகி, ஓரத்தில் எண்ணெய் தெளிந்து வரும். அந்த எண்ணெயில்தான் அரைப்பைப் போட்டு வதக்குவது. பிள்ளைக்குத் தேய்க்கத் தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எண்ணெய் எடுப்பார்களே, அதில் பாதி தூரம் போய் நிற்கிற மாதிரி. மணம் வந்தபிறகு இரண்டாம் பால், அப்புறம் மீன். டப்பாப் பால் பல சமயம் பிரியவே பிரியாது, பிரியாமலிருக்க எதையாவது சேர்த்திருப்பார்கள். வீட்டில்தான் தென்னை நிற்குமே, துருவிப் பிழியுங்கள்.

அரைப்புக்கு சூப்பர் மார்க்கெட் போகவேண்டாம், நாட்டு மருந்துக் கடைக்குப் போங்கள். தாய்க் கறியில் இஞ்சி மாதிரி ஒரு கிழங்கு போடுகிறார்களே, அது நம் பேரரத்தை. நாம் அதை இருமலுக்குக் கஷாயமாக்கினோம், அவர்கள் குழம்பில் போட்டார்கள். காய்ந்ததை ஊறவைத்து அரைத்தால் ஒருமாதிரி ஒப்பேறும், பச்சைக் கிழங்குக்கு ஈடாகாது. எரிப்புக்குக் காந்தாரி மிளகாய் போதும். ஆனால் அது நிறம் தராது, நீளப் பச்சைமிளகாயும் நாலு சேர்க்க வேண்டும். அவர்களுடைய இறால் விழுதுக்குப் பதில் கூனிக் கருவாட்டை வறுத்துப் பொடிக்கலாம். நாரத்தை இலையை நடு நரம்பு கிழித்துப் போட்டால் அவர்களுடைய எலுமிச்சை இலைக்குப் பக்கத்தில் வரும், அதே மணம் வராது. எல்லாவற்றையும்விட முக்கியம் மல்லி வேர். வடசேரி சந்தையில் மல்லியிலைக் கட்டு வாங்கினால் வேரோடுதான் வரும். வீட்டுக்கு வந்ததும் மண்ணோடு நறுக்கிக் குப்பையில் போடுவோம். அதைத் தேய்த்துக் கழுவி, பூண்டும் வெள்ளை மிளகும் வைத்து அம்மியில் நசுக்குங்கள். மிக்சியில் தண்ணீர் விட்டு அடித்தால் மறுபடியும் சொதிதான்.

கடை விஷயம். 'ஏசியன்' என்று நீங்கள் திட்டுவதில் பாதி இந்தியச் சாப்பாடு. மஞ்சூரியனை 1975 வாக்கில் மும்பையில் உண்டாக்கியவர், கொல்கத்தாவில் பிறந்த சீன வம்சாவளிச் சமையல்காரர் நெல்சன் வாங் என்பார்கள். இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாயை வதக்கி, மசாலாப்பொடிக்குப் பதில் சோயா சாஸ் ஊற்றினார். அதில் போய்ச் சீனாவைத் தேடினால் எப்படி? நன்றாகச் செய்தால் எனக்குப் பிடிக்கும். ஆனால் போன மாதம் ஒரு கடையில் தாய்க் கறி கேட்டேன். சோளமாவு கரைத்துக் கெட்டியாக்கி, சர்க்கரை போட்டு, பாயசம் மாதிரி கொண்டுவந்து வைத்தார்கள். பாதியோடு எழுந்துவிட்டேன்.

ஆறுதலாக ஒரு கடை உண்டு, திங்கள்சந்தைப் பக்கம். நாலு பெஞ்சு, போர்டில் பரோட்டா என்றுதான் இருக்கும். நடத்துகிறவர் மலேசியாவில் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். கேட்டால் மீ கோரெங் என்கிற வறுத்த நூடுல்ஸ் போடுவார். சாஸை நூடுல்ஸ் மேல் ஊற்றமாட்டார், காய்ந்த சீனச்சட்டியின் ஓரத்தில் சுற்றி விடுவார். அது சுர்ரென்று கருகி மணம் எழும்பின பிறகுதான் பிரட்டுவார். (சீனச்சட்டி என்று நம் பாட்டிமார் பெயர் வைத்தபோது எந்தக் கடையைக் கண்டார்கள்!) கூடவே ஒரு நெத்தோலி சம்பல். குளச்சல் நெத்தோலிக் கருவாட்டை மொறுமொறுவென்று பொரித்து, வற்றல் மிளகாய், சின்ன உள்ளி (வெங்காயம்), வாளம்புளி, ஒரு துண்டு கருப்பட்டி. மலேசியாவில் தேங்காய்ப்பால் சோற்றோடு சாப்பிடுகிற அதே சம்பல். நான் அதை மரச்சீனிக் கிழங்கோடு சாப்பிடுகிறேன், அவருக்கு அது பிடிக்கவில்லை. மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார்.

பேரரத்தை என் வீட்டுப் புறவாசலில் ஒரு மூடு நிற்கிறது. தக்கலை வழி வந்தால் மண்வெட்டியோடு வாருங்கள், என்னுடையது பிடி கழன்று கிடக்கிறது. அடுத்த தடவை வைத்துவிட்டு அம்மா என்ன சொன்னார்கள் என்று எழுதுங்கள்.