காப்பி மைனஸ் 10 டிகிரிக்கு ஆறுமா? அறிவியல் கணக்குக்காக கோடிங் தொடங்குபவருக்கு

சேலம் அம்மாபேட்டையிலிருந்து, எம்.எஸ்சி. இயற்பியல் முதலாமாண்டு படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். புராஜெக்டுக்கு கம்ப்யூட்டரில் கணக்குப் போடத் தெரிய வேண்டும் என்கிறார்கள். சி, ஃபோர்ட்ரான், மேட்லாப், பைத்தான் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். என்னிடம் பழைய லேப்டாப்தான் இருக்கிறது. பணம் கட்டி கோச்சிங் சேரட்டுமா?"

பைத்தான் படியுங்கள். கோச்சிங் இப்போதைக்கு வேண்டாம்.

மேட்லாப் நல்ல மென்பொருள்தான், ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். உங்கள் கைடு அதில்தான் வேலை செய்கிறார் என்றால் ஆக்டேவ் இருக்கிறது, இலவசம், ஏறக்குறைய அதே மொழி. ஃபோர்ட்ரான் 1957-இல் வந்த மொழி, அதன் காலம் முடிந்துவிட்டது என்பவர்களை நம்ப வேண்டாம். பைத்தானில் எண் கணக்குகளுக்கு நம்பை (NumPy) என்ற நூலகம், அதாவது ஆயத்த நிரல்களின் தொகுப்பு, இருக்கிறது; அதனிடம் மேட்ரிக்ஸ் சமன்பாடு ஒன்றைத் தீர்க்கக் கொடுத்தால், உள்ளே ஓடுவது முதலில் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்ட லாபேக் (LAPACK) நூலகத்தின் வழிமுறைகள்தான். தேவை வரும்போது அதையும் படித்துக்கொள்ளலாம்.

பழைய லேப்டாப்பில் தானி (Thonny) என்ற, கோடு எழுதி ஓட்டிப் பார்க்கும் சின்ன மென்பொருளைப் போடுங்கள், பைத்தானும் அதோடு சேர்ந்தே வந்துவிடும். நெட் நன்றாகக் கிடைத்தால், பிரௌசரிலேயே பைத்தான் எழுத விடும் கூகுள் கோலேப் (Colab) போதும், கணக்கெல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரில் நடக்கும். ஐஐடி போன்ற நிறுவனங்களின் வீடியோ பாடங்கள் இருக்கும் என்பிடெல் (NPTEL) தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுட்டோரியலில் பல பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. எர்ரர் வந்தால் சிவப்பு எழுத்து முழுவதையும் பார்த்துப் பயப்படாமல் கடைசி வரியை முதலில் படியுங்கள், என்ன தப்பு என்பது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? மொழியை முழுக்கப் படித்து முடித்துவிட்டு அப்புறம் கணக்குக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள், அப்படி நினைத்துப் பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு சின்னக் கணக்கை எடுங்கள். ஏற்காட்டில் ஒரு டம்ளர் காப்பி, 80 டிகிரி, வெளியே 20 டிகிரி. நியூட்டனின் குளிர்தல் விதிப்படி, காப்பிக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தை 0.05-ஆல் பெருக்கினால் வருவதுதான் நிமிடத்துக்குச் சூடு குறையும் வேகம் என்று வைப்போம். அரை மணி நேரம் கழித்து எவ்வளவு சூடு இருக்கும்? எக்ஸ்போனென்ஷியல் சூத்திரத்தில், அதாவது 20 + 60 × e^(−0.05 × 30) என்று போட்டால் 33.39 டிகிரி. பேனாவால் இதைப் போட்டுப் பார்த்த பிறகே கம்ப்யூட்டரைத் தொடுங்கள்.

இப்போது ஆய்லர் முறை, அதாவது நேரத்தைச் சின்னச் சின்ன இடைவெளிகளாக வெட்டிப் படிப்படியாகக் கணக்கிடுவது. ஒரு லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் வரிகளுக்குள்), இருக்கிற சூட்டிலிருந்து வெளிச் சூட்டைக் கழித்து, 0.05-ஆலும் நேர இடைவெளியாலும் பெருக்கி, வந்ததைச் சூட்டிலிருந்து கழிக்க வேண்டும், அவ்வளவுதான், பத்து வரிக்குள் முடிந்துவிடும். இடைவெளியைப் பத்து நிமிடமாக வைத்தால் 80, 50, 35, 27.5 என்று இறங்கும். ஒரு நிமிடம் வைத்தால் 32.88 வரும், ஆறு நொடி (0.1 நிமிடம்) வைத்தால் 33.34. இடைவெளியைப் பத்தில் ஒன்றாக்கினால் பிழையும் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிறது, கவனித்தீர்களா? அடுத்து இடைவெளியை முப்பது நிமிடமாக்கி ஓட்டிப் பாருங்கள். காப்பி மைனஸ் 10 டிகிரிக்குப் போயிருக்கும்! எர்ரர் எதுவும் வராது, கம்ப்யூட்டர் தயங்காமல் அந்த எண்ணைக் காட்டும். இந்த ஒரு காட்சிக்காகத்தான் இந்தக் கணக்கையே சொன்னேன். புராஜெக்டில் விடை முன்கூட்டியே தெரியாது, அங்கேயும் இப்படி ஒரு மைனஸ் 10 வந்து நிற்கும், அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் இடைவெளியைப் பாதியாக்கி விடை நகர்கிறதா என்று பார்க்கும் பழக்கம் முதல் வாரத்திலேயே வந்துவிட வேண்டும்.

இன்னொரு குழியும் உண்டு. லூப் போட்டு 0.1-ஐப் பத்து முறை கூட்டச் சொல்லுங்கள், 1 வராது, 0.9999999999999999 வரும். கம்ப்யூட்டர் எண்களை இரண்டின் அடுக்குகளில் வைத்திருப்பதால் 0.1-ஐச் சரியாக எழுத முடியாது. 'கூட்டுத்தொகை 1 ஆகும்வரை ஓடு' என்று எழுதினால் லூப் நிற்கவே நிற்காது. தசம எண்கள் இரண்டும் சமமா என்று கேட்காதீர்கள், வித்தியாசம் போதுமான அளவு சின்னதா என்று கேளுங்கள்.

காப்பி முடிந்ததும் மாட்பிளாட்லிப் வைத்து அதற்கு ஒரு வரைபடம் போடுங்கள். அப்புறம் நம் மாவட்டத்துக் கணக்கு ஒன்று: மேட்டூர் அணை. முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி). நீர்வரத்தும் வெளியேற்றமும் நொடிக்கு இத்தனை கன அடி என்று பத்திரிகையில் வருகிறது, இருப்பு டிஎம்சியில் வருகிறது. நொடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால் 1 டிஎம்சி, இந்த அலகு மாற்றத்தில்தான் பலர் சறுக்குவார்கள். ஒரு மாத எண்களை ஒரு ஃபைலில் தட்டி, இன்றைய இருப்பிலிருந்து நாளைய இருப்பைக் கணக்கிட்டு, மறுநாள் பத்திரிகையோடு ஒப்பிடுங்கள். கொஞ்சம் விலகும். ஆவியாதலா, நாளுக்குள் நீர்வரத்து மாறியதா, உங்கள் கோடில் தப்பா என்று ஒவ்வொன்றாகச் சோதித்துவிட்டு எழுதுங்கள், அடுத்த கட்டத்தை அங்கிருந்து பார்க்கலாம்.