எந்த சிலிண்டர்னு முதல்ல பிடிங்க: பழைய கார் மிஸ்ஸிங் பத்தி கும்பகோணம் மெக்கானிக் பதில்கள்

கே (மன்னார்குடி): அண்ணே, என்னோடது 1994 மாருதி 800. மார்கழி வந்தாலே காலையில மிஸ்ஸிங் அடிக்குது. வெயில் ஏறினா சரியாயிடுது. பிளக் ரெண்டு தடவ மாத்திட்டேன்.

ப: மூணாவது தடவ மாத்தாதீங்க தம்பி. மிஸ்ஸிங்னா ஒரு சிலிண்டர் ஒழுங்கா எரியாம இன்ஜின் விட்டு விட்டு ஓடுறது. பனியில கெட்டு வெயில்ல சரியாகுதுன்னா, ஈரத்துல கரண்ட் கசியுது. எந்த சிலிண்டர்னு முதல்ல பிடிங்க. இன்ஜினை நிறுத்தி ஒரு பிளக் வயரைக் கழட்டுங்க. அதுல பழைய பிளக் ஒண்ணைச் சொருகி, இன்ஜின் இரும்புல ஒட்டிப் படுக்க வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. வயரை அந்தரத்துல விட்டா, பிளக்குக்கு அதிக வோல்ட் கரண்ட் குடுக்குற காயில் போயிடும். வண்டி தடுமாறினா அந்த சிலிண்டர் நல்லா இருக்கு. சத்தமே மாறலேன்னா கெட்ட சிலிண்டர் அதுதான். இருக்கிறதே மூணு சிலிண்டர், காதுக்கே தெரிஞ்சிடும்.

அப்புறம் ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பிரிச்சு அனுப்புற டிஸ்ட்ரிபியூட்டரோட மூடியைக் கழட்டி வெளிச்சத்துல திருப்பிப் பாருங்க. உள்ளே ரெண்டு முனைக்கு நடுவுல பென்சில்ல இழுத்த மாதிரி மெல்லிசா கறுப்புக் கோடு ஓடும். கரண்ட் தானா போட்டுக்கிட்ட பாதை அது. துடைச்சா ரெண்டு நாள் ஓடும், அவ்வளவுதான். மூடியை மாத்தணும். மூடி சுத்தமா இருந்தா, ராத்திரி இருட்டுல பானட்டைத் திறந்து, ஓடுற இன்ஜின்ல வயர் மேல பனி மாதிரி தண்ணி தெளிங்க. கை படக் கூடாது. நீலமா பொறி பறக்குற இடத்துல வயர் வெடிச்சிருக்கு.

கே (நாகப்பட்டினம்): சார், அப்பா காலத்து பெட்ரோல் அம்பாசிடர். இருபது கிலோமீட்டர் போனதும் மிஸ்ஸிங், அப்புறம் நின்னுடுது. அரை மணி ஆறினா கிளம்புது.

ப: நின்ன அந்த நிமிஷமே ஸ்பார்க் பாருங்க சார், ஆறினப்புறம் பார்த்துப் பிரயோஜனம் இல்ல. ஸ்பார்க் இல்லேன்னா காயில், இல்லேன்னா கண்டென்சர். டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே திறந்து மூடுற பாயின்ட்டோட முகம் ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் குழியா இருந்தா கண்டென்சர் மேலதான் என் சந்தேகம். பாயின்ட் இடைவெளி 0.35லேர்ந்து 0.40 மி.மீ. இடைவெளி அளக்குற தகடு, அதான் ஃபீலர் கேஜ்ல வைங்க, குத்துமதிப்பு வேண்டாம். ஸ்பார்க் நல்லா இருந்தா பெட்ரோல் ஆவியாகி அடைக்குது. பம்ப் மேல ஈரத்துணி சுத்தினா கிளம்பிடும். உப்புக்காத்து ஊரு, எர்த் வயர் முனையையும் சுரண்டிடுங்க. அப்பா வண்டியை மட்டும் வித்துடாதீங்க.

கே (திருத்துறைப்பூண்டி): 2012 பெட்ரோல் ஸ்விஃப்ட். சம்பா அறுப்பு முடிஞ்சதுலேர்ந்து இன்ஜின் லைட் எரியுது. ஸ்கேன்ல பி0302. காயில் மாத்தணும்கிறாங்க.

ப: அந்த நம்பர் ரெண்டாவது சிலிண்டர் சரியா எரியலேன்னுதான் சொல்லுது, ஏன்னு சொல்லல. ரெண்டாவது காயிலை மூணாவதுல மாட்டி ஓட்டுங்க. கோட் பி0303 ஆனா காயில்தான். மாறலேன்னா பிளக்கை அதே மாதிரி இடம் மாத்துங்க, அப்புறம் இன்ஜெக்டர் வயரைப் பாருங்க. அறுப்பு முடிஞ்சா வயல் எலி வீட்டுப் பக்கம் வந்துடும், இன்ஜின் சூட்டுக்குப் படுக்கும். போன தையில ஒரு வண்டியில வைக்கோலும் வயர்த் தோலுமா கூடே கட்டியிருந்துச்சு. லைட் சிமிட்டினா ஓட்டாதீங்க; எரியாத பெட்ரோல் போய், சைலன்ஸர் வழியில புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கருக்கிடும்.

கே (பாபநாசம்): பிளக், வயர், காயில் எல்லாம் மாத்தியாச்சு. இன்னும் மிஸ்ஸிங்.

ப: கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள்ள அழுத்தம் எவ்வளவுன்னு கேஜ் வச்சுப் பாருங்க. ஒரு சிலிண்டர்ல மட்டும் குறைஞ்சா அதுல ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினா பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கு, ஏறலேன்னா வால்வு. பக்கத்துப் பக்கத்து ரெண்டும் குறைஞ்சா ஹெட் கேஸ்கட். ஹெட்டைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி டேப்பட் கிளியரன்ஸ், அதாவது வால்வைத் தள்ளுற இடத்துல விடுற இடைவெளியைப் பார்த்துடுங்க, கேஸ்ல ஓடின வண்டியில அது இறுகிப் போயிருக்கும்.