முதல் லேத்துக்குச் சேர்த்த பணம்

கேள்வி: வீட்டிலேயே சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். மாதிரி நீராவி இன்ஜின்கள் செய்ய ஆசை. முதல் லேத்துக்காக (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் இயந்திரம்) இரண்டு மாதச் சம்பளம் அளவுக்குச் சேர்த்திருக்கிறேன். புது மினி லேத் ஒன்று அந்தத் தொகைக்குச் சரியாக வருகிறது. மூடிய பட்டறை ஒன்றிலிருந்து பழைய, கனமான லேத் அதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. நண்பரோ, "தவணையில் பெரிதாகவே வாங்கு, வெளிவேலை எடுத்துக் கடனை அடைத்துவிடலாம்" என்கிறார். எதைச் செய்வது?

பதில்: நண்பரின் யோசனையை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். லேத் ஓட்டவே இனிமேல்தான் பழகப் போகிறீர்கள். கை பழகும்வரை இரும்பு வீணாகும், வெட்டும் டூலின் முனை உடையும். வெளிவேலை வருகிறதோ இல்லையோ, தவணை தேதி தவறாமல் வரும். அப்புறம், வீட்டில் காசுக்கு வேலை செய்தால் வீட்டுக் காப்பீடு அதை ஏற்குமா என்பதையும் பாலிசியில் படித்துப் பார்க்க வேண்டும். இது பொழுதுபோக்குச் செலவு. முதலீடு என்று பெயர் வைத்தால் கணக்கு குழம்பிவிடும்.

புது மினி லேத்தைக் குறை சொல்ல மாட்டேன். 7×14 என்று விற்கும் ரகம் ஏறத்தாழ 40 கிலோ. இரண்டு பேர் தூக்கி மேசையில் வைத்துவிடலாம். 7 அங்குலம் என்பது பெட்டுக்கு (லேத்தின் நீளமான அடிப்பகுதி) மேல் சுழலக்கூடிய பொருளின் விட்டம். டூலைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடுக்கு மேல் இடம் அதைவிட நன்றாகவே குறையும். 14 அங்குல நீளத்திலும் சக் (பொருளைப் பிடித்துச் சுழற்றும் பிடி), டிரில் சக் (டிரில் பிட்டைப் பிடிப்பது), டிரில் பிட் மூன்றும் போக மிஞ்சுவது சொற்பம். நீங்கள் செய்ய நினைக்கும் இன்ஜினின் ஃப்ளைவீல் விட்டத்தை அளந்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள்.

என் கவலை வேறு. இந்த மினி லேத் உங்கள் பணம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. நாலு ஜா (தாடை) சக், டிரில் சக், சென்டர் (பொருளின் முனையைத் தாங்கும் கூம்பு), டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளால் காட்டுவது), மைக்ரோமீட்டர், டூல் தீட்ட கிரைண்டர், பாதுகாப்புக் கண்ணாடி, வெட்டிப் பழக இரும்பும் பித்தளையும்: இதெல்லாம் இல்லாத லேத் மேசைமேல் சும்மா உட்கார்ந்திருக்கும். கையிருப்பில் பாதிதான் இயந்திரத்துக்கு, மீதி இவற்றுக்கு என்று பிரிப்பதே என் வழக்கம். கார்பைடு முனைகளுக்கு ஆசைப்படாமல் ஹை ஸ்பீடு ஸ்டீல் டூல் பிட்டைத் தீட்டப் பழகினால் அதிலேயே கொஞ்சம் மிச்சமாகும்.

அப்படிப் பார்த்தால் பழைய லேத்தின் பக்கம்தான் சாய்கிறேன். புது இயந்திரம் கைமாறும்போது விலை சரசரவென்று இறங்கும். பழையது இறங்க வேண்டியதை ஏற்கெனவே இறங்கிவிட்டது. நன்றாக வைத்திருந்தால் கொடுத்த விலையை ஒட்டியே பின்னால் விற்கலாம்.

ஆனால் தேய்ந்துபோனதை வாங்கினால் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும். பெட் பெரும்பாலும் சக் பக்கத்தில்தான் தேயும், வேலை முழுக்க அங்கேதானே நடக்கிறது. அந்த இடத்தில் கேரியேஜை (டூலைச் சுமந்து பெட்டின்மேல் நகரும் பகுதி) ஆட்டமில்லாமல், ஆனால் நகரும்படி இறுக்கிவிட்டு, சக்குக்கு எதிர்முனையிலுள்ள டெயில் ஸ்டாக் பக்கம் நகர்த்துங்கள். அங்கே போய்ப் பிடித்துக்கொண்டால் பெட் தேய்ந்திருக்கிறது. சக்கில் ஒரு தடித்த கம்பியை மாட்டி, டயல் கேஜ் வைத்து மேலும் கீழும் நெம்பினால் சக்கைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலின் பேரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். கியர்களைக் கையால் முழுச் சுற்று சுற்றிப் பல் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். மரை வெட்டும் மாற்றுக் கியர்கள் முழு செட்டாக இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். தனியாகத் தேடி வாங்குவது பணத்தையும் பொறுமையையும் தின்னும். கைப்பிடியைத் திருப்பும்போது வரும் கொஞ்சம் ஆட்டத்துக்குப் பயப்பட வேண்டாம், ஒரே திசையிலிருந்து அளவுக்கு வந்தால் சமாளிக்கலாம். பெயின்ட் உரிந்திருப்பதைக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

விலையோடு வண்டிக் கூலி, இறக்கும் கூலி, தரை தாங்குமா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் த்ரீ ஃபேஸ் என்றால் வீட்டு சிங்கிள் ஃபேஸில் ஓட்ட வி.எஃப்.டி. (சிங்கிள் ஃபேஸை த்ரீ ஃபேஸாக மாற்றித் தரும் மின்கருவி) வேண்டியிருக்கும். அந்த மோட்டாருக்குப் பொருந்துமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டே விலை பேசுங்கள். எல்லாம் கூட்டியும் சேமிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் பேரத்தை விட்டுவிட்டு, இன்னும் மூன்று மாதம் சேர்த்து மினி லேத்தையே சாமான்களோடு வாங்குங்கள். அவசரத் தேவைக்கென்று தனியே வைத்திருக்கும் பணத்தை இரண்டுக்குமே தொடக் கூடாது.

பார்க்கப் போகும்போது மின் இணைப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால் பழைய இரும்பு விலைக்கு மேல் கொடுக்காதீர்கள்.